பதினான்காவது ஆள்

பதினோரு வருடத்தில் ஒரு மன்றக் கூட்டத்துக்கும் நான் தாமதமாக வந்ததில்லை. உள்ளே போகாமல் இருந்திருக்கிறேன், அது வேறு விஷயம். சொன்ன நேரத்துக்கு வந்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறேன். சட்டப்படி அதுவும் ஒரு வேலைதான்.

உங்கள் மாவட்டத் தலைநகரில் எப்படியோ, தம்பி. எங்கள் தோரு-பெல் கிராம மன்றத்தில் இருபத்தோரு உறுப்பினர்கள். பதினான்கு பேர் உள்ளே இருந்தால்தான் கூட்டம் செல்லும். போன மன்றத்தில் நாங்கள் எதிர்த்தரப்பு, எட்டுப் பேர். நான் அவர்களுக்குத் தலைவன். நாங்கள் எட்டுப் பேரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிட்டால் உள்ளே பதின்மூன்று பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அரை மணி நேரம் கழித்து அவைத்தலைவர் மணியடித்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புவார். ஓட்டெடுப்பில் ஜெயிக்க முடியாத எட்டுப் பேருக்கு இருக்கிற ஒரே ஆயுதம் இந்த பெஞ்சுதான். நான் இதைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் என்னைப்போல் முறையாக யாரும் பயன்படுத்தியதில்லை என்று எதிரிகளே சொல்வார்கள்.

நான் முப்பது வருடம் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். ஊரில் பாதிப் பேருக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகு மன்றத்துக்கு வந்தேன். நிர்வாகத் தலைவராக இருந்த எசென்குலும் என் மாணவன் மாதிரிதான், வகுப்பில் உட்காரவில்லையே தவிர. என்னை 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுவான். கெட்டவன் இல்லை. சோம்பேறி, வாய்ச்சொல் வீரன், சொந்தக்காரர்களுக்கு இடம் கொடுப்பவன். ஊருக்கு முகப்பில் ஒரு பெரிய வளைவு கட்டி அதில் ஊர்ப் பெயரை எழுத வேண்டும் என்று இரண்டு வருடம் அலைந்தான். தண்ணீர்க் குழாய்க்கு வழியில்லாத ஊருக்கு வளைவு. கொண்டையில் பூ வைக்க ஆசை, தலையில்தான் முடியில்லை. இதை நான் மன்றத்தில் சொன்னபோது அவன் ஆட்களே சிரித்தார்கள்.

தணிக்கைக் குழுவின் தலைமை எதிர்த்தரப்புக்குத்தான் என்று எட்டு வருடத்துக்கு முன்னால் விதி கொண்டுவந்தது நான். ஆள்கிறவனே தன்னைத் தணிக்கை செய்துகொண்டால் விளங்குமா? அந்த விதியின்படி குழுத் தலைவர் நானே. பள்ளிக்கூடம், மருந்தகம், பாலர் பள்ளி எல்லாவற்றையும் வருடத்துக்கு ஒரு முறை பார்த்து எழுதுவேன். தேர்தல் வருடத்தில் கொஞ்சம் கூர்ந்து பார்ப்பேன். அதை யாரும் தப்பு என்று சொல்ல முடியாது.

நவம்பர் இருபத்து நான்கு, ஞாயிற்றுக்கிழமை தேர்தல். அக்டோபர் இரண்டாம் வாரத்தில், குளிருக்குக் கட்டிடங்களைச் சூடாக்கும் கொதிகலன்களைப் பற்றவைப்பார்கள். பாலர் பள்ளியின் கொதிகலன் என்னைவிட நான்கு வயதுதான் இளையது. அதில் ஏதாவது குறை கிடைக்கும் என்று நினைத்து ஒர்மோனை அனுப்பினேன். ஒர்மோன் அடுப்பும் புகைபோக்கியும் கட்டுகிறவன். என்னிடம் படித்தவன். கை சுத்தம், வாய் சுத்தம்.

அக்டோபர் பதினான்கு, திங்கட்கிழமை, சாயங்காலம் அவன் என் வீட்டுக்கு வந்தான். கையெல்லாம் கரி. உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றான்.

"கொதிகலன் கெடக்கட்டும் சார், அது ஓடும். புகைபோக்கிதான் பிரச்சினை. பிள்ளைங்க தூங்குற ரூம் சுவத்துக்குள்ள போகுது பாருங்க, அங்க விரிசல். மேல சுண்ணாம்பு பூசியிருக்கு, கண்ணுக்குத் தெரியாது. தெக்குக் காத்து அடிச்சா புகை மேல போகாது, திரும்பும். வாசமும் வராது."

"வாய்ப்பு இருக்கிறதா, நிச்சயமா?" என்று கேட்டேன்.

"தெக்குக் காத்து எப்ப வரும்னு நான் எப்பிடி சார் நிச்சயமாச் சொல்ல? வரும்."

"அப்படியானால் 'வாய்ப்பு உண்டு' என்று எழுது."

நான் வற்புறுத்தியதும் உள்ளே வந்து, எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினான். கையெழுத்து போட்டான். பிறகு, வெள்ளிக்கிழமை ரஷ்யாவுக்கு வேலைக்குக் கிளம்புவதாகச் சொன்னான். அவன் மகள் செஸிம் அந்தப் பாலர் பள்ளியில்தான் இருந்தாள். ஐந்து வயது.

"வேலை முடியிற வரைக்கும் எம் பொண்ண நிறுத்திடட்டுமா சார்?"

"வேண்டாம். நீ நிறுத்தினால் நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள். எசென்குல் காதுக்குப் போகும். ராத்திரியோடு ராத்திரியாக இன்னொரு பூச்சு பூசிவிட்டு, விரிசலே இல்லை என்பான். உன் கடிதம் செல்லாக்காசு ஆகிவிடும். முறைப்படி போகட்டும். குழு நாளைக்கே பார்த்துவிடும்."

"அவகிட்டயும் சொல்ல வேண்டாமா?" அவள் என்றது அவன் மனைவியை.

"பெண்பிள்ளைகள் வாயில் எது நிற்கும்?"

சிரித்தான். கரிபடிந்த உள்ளங்கையைக் கொடுக்கக் கூடாதென்று வலது மணிக்கட்டை நீட்டினான். நான் பிடித்துக் குலுக்கினேன்.

நாளைக்கே என்று சொன்னதை நான் செய்யவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தை நவம்பர் பதின்மூன்றாம் தேதி வாக்காளர் கூட்டத்தில் படிப்பது என்று முடிவு செய்தேன். தேர்தலுக்குப் பதினோரு நாள் முன்னால். அதற்கு முன்பே படித்தால் எசென்குல் அதைச் சரிசெய்து, ரிப்பன் வெட்டி, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்து, அதையே தன் சாதனையாகச் சொல்லிக்கொள்வான். முன்பு ஒருமுறை அப்படி நடந்திருக்கிறது. பாலத்தின் கைப்பிடி உடைந்திருக்கிறது என்று ஆகஸ்டு மாதமே கத்தினேன். அவன் செப்டம்பரில் கைப்பிடி போட்டான், அக்டோபரில் அந்தக் கைப்பிடிக்காகவே ஜெயித்தான். குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்த கதை. கண்டுபிடித்தவனுக்கு ஒரு நன்றி கிடையாது. அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டேன்: குறையைச் சீக்கிரம் சொல்கிற எதிர்க்கட்சி, ஆளுங்கட்சிக்கு வேலைக்காரன்.

அடுத்து நடந்ததுதான் சிக்கல். எசென்குலுக்கு விரிசல் தெரியாது. ஆனால் கொதிகலன் பழசு என்று தெரியும். அவனுக்கும் தேர்தல்தானே. வளைவுக்கு ஒதுக்கியதை எடுத்து பாலர் பள்ளிக்குப் புதுக் கொதிகலனும் புதுப் புகைபோக்கியும் போடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தான். வேலையை டெண்டர் இல்லாமல் தன் சம்பந்திக்குக் கொடுத்திருந்தான். இது பொய்யில்லை, தீர்மானத்தில் பெயரே இருக்கிறது. எந்த மன்றத்திலும் எந்த எதிர்க்கட்சியும் இதைத் தடுக்கும். அக்டோபர் பதினெட்டு, இருபத்தைந்து, நவம்பர் ஒன்று, மூன்று வெள்ளிக்கிழமையும் நாங்கள் எட்டுப் பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். என்னுடைய ஏழு பேருக்குச் சம்பந்தி விஷயம் மட்டும்தான் தெரியும். அவர்கள் மேல் குற்றமில்லை.

மூன்றாவது வெள்ளி எசென்குல் தாழ்வாரத்துக்கே வந்தான். தொப்பியைக் கையில் வைத்திருந்தான்.

"வாத்தியாரே, உள்ள வாங்க. திட்டுங்க. எதிர்த்து ஓட்டுப் போடுங்க. எட்டுப் பேரும் வேண்டாம், ஒரே ஒரு ஆளை அனுப்புங்க. பதினாலாவது ஆளு ஒருத்தர் வந்து சும்மா உக்காந்தாப் போதும்."

"கூட்டம் சேர்க்கிறது உன் வேலை. எங்கள் வேலை இல்லை."

"பனி விழுந்துருச்சு. பிள்ளைங்க குளிர்ல நடுங்குதுங்க."

"உன் சம்பந்தி வந்து கம்பளி போர்த்தட்டும்."

என் ஆட்கள் சிரித்தார்கள். ஒருவர் தேநீரைத் துப்பிவிட்டார். எசென்குலும் கொஞ்சம் சிரித்தான். அவன் அப்படித்தான், தன்னைப் பற்றிய ஜோக்குக்கும் சிரிப்பான். பிறகு, "சரி, சம்பந்தி வேண்டாம். நீங்களே ஒரு ஆளைச் சொல்லுங்க, அவருக்கே குடுக்கிறேன்" என்றான். புதிய தீர்மானமாகக் கொண்டுவா, ஏழு நாள் முன்னறிவிப்போடு, என்றேன். விதி அப்படித்தான் இருக்கிறது.

இடையில் நான் சும்மா இருக்கவில்லை. விவரம் சேர்த்தேன். பாலர் பள்ளி ஆயா சைராகுலைக் கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பேன். இருபத்திரண்டாம் தேதி இரண்டு பிள்ளைகளுக்குத் தலைவலி. இருபத்தெட்டாம் தேதி மூன்று பேருக்கு, அதில் ஒருத்திக்கு வாந்தி. எங்கள் பக்கம் புகை ஏறிவிட்டால் புளித்த மோர் கொடுப்பார்கள், அதைக் கொடுத்ததாகச் சொன்னாள். முப்பதாம் தேதி சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது: "இப்பல்லாம் மத்தியானம் நல்லாத் தூங்குதுங்கண்ணே. முன்னெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு குதிக்கும். இப்ப எழுப்பினாலும் எந்திரிக்க மாட்டேங்குதுங்க." எல்லாவற்றையும் தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன். கூட்டத்தில் தேதியோடு சொன்னால் அதன் எடையே வேறு.

நவம்பர் ஐந்து, செவ்வாய். என் கூட்டத்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. காலையில் தெற்கிலிருந்து காற்று. ஒரு மணிக்குப் பிள்ளைகளைப் படுக்கவைத்திருக்கிறார்கள். மதியத் தூக்க நேரத்தில் யாரும் அந்த அறைக்குள் போவதில்லை, கதவு கிறீச்சிட்டால் எழுந்துவிடுமாம். மூன்றரைக்கு சைராகுல் எழுப்பப் போனாள். பத்தொன்பது பேர் படுத்திருந்தார்கள். பதினாறு பேரைத் தூக்கி வந்து பனியில் கிடத்தியதும் மூச்சு வந்தது. சுவரோரக் கட்டில் மூன்றுக்கும் வரவில்லை. நடுக் கட்டிலில் செஸிம்.

செய்தி வந்தபோது நான் கடைத்தெருவில் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தேன். எல்லாரும் பாலர் பள்ளிக்கு ஓடினார்கள். நான் மன்ற அலுவலகத்துக்குப் போனேன்.

அலுவலகம் திறந்து கிடந்தது, ஒரு ஈ காக்கை இல்லை. வருகிற கடிதங்களைத் தேதிவாரியாகக் குறிக்கும் பதிவேடு மேசையில் இருந்தது. எங்கள் செயலாளர் பூபுஷுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு நாளும் கடைசிக் கடிதத்துக்குக் கீழே ஒரு வரி காலியாக விடுவாள். மலைமேட்டிலிருந்து குதிரையில் வருகிற கிழவர்கள் ஒருநாள் தாமதமாக வந்தாலும் முந்தின நாள் தேதியில் பதிந்துகொள்ளட்டும் என்று ஒரு இரக்கம். எந்தச் சட்டத்திலும் இல்லாத வரி அது. மாவட்டத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், ஊரில் எல்லாருக்கும் தெரியும். பதினான்கு, பதினைந்து, பதினாறு தேதிகளில் யாரோ அந்த வரிகளை நிரப்பியிருந்தார்கள். பதினேழாம் தேதியில் தேதிக்குக் கீழே வரி காலியாக இருந்தது. "தணிக்கைக் குழு. பாலர் பள்ளிப் புகைபோக்கி பற்றிய அறிக்கை. நிர்வாகத் தலைவரிடம் நேரில் கொடுக்கப்பட்டது" என்று எழுதினேன். பூபுஷுக்கு எழுத்து பழக்கியதே நான்தான். அவள் கையெழுத்து என் கையெழுத்து, கொஞ்சம் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். கோட்டுப் பையில் இருந்த ஒர்மோனின் அறிக்கையில் 'பெறப்பட்டது' முத்திரை குத்தினேன். பிறகு பாலர் பள்ளிக்குப் போய், மற்றவர்களோடு சேர்ந்து பிள்ளைகளின் கைகளைத் தேய்த்துவிட்டேன்.

என்ன தோன்றியது என்று கேட்டீர்கள். ஒன்றும் தோன்றவில்லை. குளிரில் விரல் மரத்துப்போனால் கத்தியால் வெட்டினாலும் தெரியாதே, அந்த மாதிரி. அது இன்னும் விடவில்லை. அழ வேண்டிய இடங்களில் முறைப்படி அழுதேன். எங்கள் வழக்கப்படி ஆண்கள் சாவு வீட்டு முற்றத்தில் நுழையும்போது வாய்விட்டு ஓலமிட்டுக்கொண்டே நுழைய வேண்டும். மூன்று முற்றங்களிலும் என் குரல்தான் பெரிதாகக் கேட்டது என்றார்கள். முப்பது வருடம் வகுப்பில் கத்திய தொண்டை.

அன்று சாயங்காலமே காவல்துறைக்கு அறிக்கையையும் பதிவேட்டையும் காட்டினேன். எசென்குலை அழைத்துக் கேட்டார்கள். என் வாழ்க்கையில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவன் மறுக்கவில்லை. பதிவேட்டை வெகுநேரம் பார்த்தான்.

"வந்திருக்கும்," என்றான். "வாத்தியார் குடுத்திருப்பார். அவர் குடுக்கிற கடுதாசி எல்லாத்தையும் நான் படிக்கிறதில்ல. குத்தம் சொல்லித்தான் எழுதியிருப்பார்னு மேசையறைக்குள்ள போட்டுடுவேன். இதையும் போட்டிருப்பேன்."

பூபுஷும் அப்படித்தான். தன் கையெழுத்தைப் பார்த்து, "நாந்தான் எழுதியிருக்கேன், எனக்கு நெனப்பு வரலையே சார்" என்று என் தோளிலேயே சாய்ந்து அழுதாள். ஒரு மாதத்தில் ஊரைவிட்டுப் போய்விட்டாள்.

ஒர்மோனுக்காக அடக்கத்தை இரண்டு நாள் தள்ளிவைத்தார்கள். விமான நிலையத்திலிருந்து நேராக வந்தான். எங்கள் ஊரில் பெரியவர்கள் இறந்தால், தொழுகைக்கு முன்னால் நெருங்கிய உறவினர் ஒருவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார்: இவர் எப்படிப்பட்ட மனிதர், இவர்மேல் யாருக்காவது குறை உண்டா? நல்ல மனிதர், குறை இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். குழந்தைகளுக்கு அந்தக் கேள்வி கிடையாது. குழந்தைமேல் யாருக்கு என்ன குறை இருக்கும்? ஒர்மோன் கேட்டான். கையில் இன்னும் விமானப் பையைப் பிடித்திருந்தான்.

"எம் மக செஸிம் மேல இங்க யாருக்காவது குறை இருக்கா?"

இருநூறு ஆண்கள் நின்றோம். எசென்குல் முன்னால் வந்தான், அப்போது அவனை இன்னும் கைது செய்திருக்கவில்லை.

"அவளுக்குத்தான் எம் மேல குறை, ஒர்மோன். எனக்குக் கடுதாசி வந்திருக்கு. நான் படிக்கல."

ஒர்மோன் அவனை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "நீங்க செய்ய வேண்டியதச் செஞ்சீங்க சார்" என்றான். நான் தலையசைத்தேன். வரிசையில் நின்று மூன்று பிடி மண் போட்டேன்.

தேர்தலில் எங்களுக்குப் பதினான்கு இடம் கிடைத்தது. கவனியுங்கள், சரியாகப் பதினான்கு. இனிமேல் யார் தாழ்வாரத்தில் உட்கார்ந்தாலும் கூட்டம் நடக்கும். நான் அவைத்தலைவர் ஆனேன். முதல் தீர்மானம் பாலர் பள்ளிக்குப் புதுப் புகைபோக்கி. ஏகமனதாக நிறைவேறியது. ஏப்ரலில் எசென்குலுக்கு ஐந்து வருடம் தீர்ப்பானது. மேல்முறையீடு வேண்டாம் என்றுவிட்டான். அவன் மனதில் அவன் குற்றவாளி, தம்பி. ஒரு மனிதன் தன் தண்டனையோடு சமாதானமாக இருக்கும்போது அதை ஏன் கலைக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். உங்களுக்கு அது விசித்திரமாகப் படலாம்.

எசென்குல் தரப்புக்கு மிஞ்சிய ஏழு இடங்களில் ஒன்றில் அவன் மனைவி ஊல்கான் ஜெயித்திருந்தாள். பாவம் என்று போட்ட ஓட்டுகள். இருபது வருடம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவள், அதிகம் பேசமாட்டாள். இப்போது அவர்கள் எதிர்த்தரப்பு. ஆகவே தணிக்கைக் குழு அவர்களுக்கு, குழுத் தலைமை அவளுக்கு. விதியை மாற்றிவிடலாம் என்று என் ஆட்கள் சொன்னார்கள். நான்தான் கூடாது என்றேன். நான் கொண்டுவந்த விதியை நானே எடுத்தால் ஊர் என்ன பேசும்?

மே மாதக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். பழைய பதிவேட்டைக் கொண்டுவந்திருந்தாள்.

"தலைவரே, ஒரே ஒரு சந்தேகம். அக்டோபர் பதினேழாந்தேதி இந்தக் கடுதாசிய என் வீட்டுக்காரர் கையில எங்க வச்சுக் குடுத்தீங்க?"

"அலுவலகத்தில்."

"எத்தனை மணிக்கு?"

"பதினொன்று, பதினொன்றரை இருக்கும்."

"அன்னிக்கு வியாழக்கெழம. அலுவலகமே தொறக்கல. பூபுஷ் காலையில வந்து தேதி மட்டும் எழுதிட்டு எங்ககூட வண்டியில வந்தா. மேலத்தெரு ஆட்டு வியாபாரியோட வருஷ நினைவு விருந்து அன்னிக்குத்தான். ஊரே மேய்ச்சல் வெளியில கெடந்துச்சு. பதினோரு மணிக்கு என் வீட்டுக்காரர் உங்க எதிர்லதான் உக்காந்திருந்தார். பரிமாறுன பையன் ஊர்த் தலைவருக்குன்னு வைக்கிற இடுப்பெலும்பை, அவர் பங்கை, மாத்தி உங்க முன்னால வச்சுட்டான். நீங்க குடுக்கலையே. கடிச்சுக்கிட்டே, 'இன்னிக்கே ஆட்சி மாறிடுச்சு'ன்னு சொன்னீங்க. ஒரு வாரம் ஊரே சொல்லிச் சொல்லிச் சிரிச்சுச்சே, மறந்துட்டீங்களா?"

அந்த எலும்பை நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் யார் எந்தத் தேதியில் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால் தெரியாது என்பார்கள். எந்த விருந்தில் யாருக்கு எந்தத் துண்டு போனது என்று கேட்டால் பத்து வருடத்துக்கும் சொல்வார்கள். அதை நான் யோசித்திருக்க வேண்டும். காலி வரியைப் பார்த்தேன், அன்று விருந்து நாள் என்பதைப் பார்க்கவில்லை. ஆசிரியராக இருந்தவன் செய்யக்கூடாத பிழை. கேள்வி நன்றாக இருந்தது. அளவாக, அசிங்கமில்லாமல், ஆதாரத்தோடு. என் காலத்தில் நானே இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கூட்டத்தை முறைப்படி ஒத்திவைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, மாவட்ட விசாரணை அதிகாரியான உங்களுக்குத் தொலைபேசி செய்தேன். ஓடவில்லை, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

எசென்குலை விட்டுவிடுங்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மூன்று வாரத்தில் இப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை. அறிக்கையில் 'வாய்ப்பு உண்டு' என்றுதான் இருக்கிறது. வாய்ப்பு உள்ள காரியங்கள் எத்தனையோ நடப்பதே இல்லை. எட்டு நாள், தம்பி. காற்று எட்டு நாள் பொறுத்திருந்தால் நான் அந்த அறிக்கையைப் படித்திருப்பேன், அன்று சாயங்காலமே பாலர் பள்ளியை மூடியிருப்பார்கள், அத்தனை பெற்றோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லியிருப்பார்கள். நான் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை.

கடைசியாகப் பாலர் பள்ளியின் வருகைப் புத்தகத்தை என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். என் பேத்தி மேரிமின் பெயருக்கு நேராக அக்டோபர் பதினைந்திலிருந்து கோடு போட்டிருக்கிறது. ஆமாம், அவளும் அங்கேதான் படித்தாள். நிறுத்தியது நான். மருமகள் காரணம் கேட்டாள், இருமுகிறாள் என்றேன். இவள் எங்கே இருமினாள் என்றாள். எனக்குக் கேட்டது என்றேன். மாமனாரோடு அவள் வாதாடுவதில்லை.

அவளுடைய போர்வையையும் உட்செருப்பையும் எடுத்துவர அந்தப் பதினைந்தாம் தேதி காலை எட்டு மணிக்குப் போனேன். எடுத்துக்கொண்டு திரும்பும்போது ஒர்மோனின் மனைவி செஸிமைக் கூட்டிக்கொண்டு வந்தாள். என் கையில் இருந்த போர்வையைப் பார்த்து, "என்னங்க சார், மேரிம் வரலையா?" என்றாள். இருமல் என்றேன். "பனி ஆரம்பிச்சாலே இதுதான் தொல்லை," என்றாள், பால் கறக்க நேரமாகிவிட்டதென்று அங்கிருந்தே திரும்பிவிட்டாள். குழந்தை தனியாக வாசலுக்குப் போனது. அந்த இரும்புக் கதவு இரவில் உறைந்து இறுகியிருந்தது. இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தாள், முடியவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். போர்வையை இடுக்கிக்கொண்டு, நான்தான் கதவைத் திறந்துவிட்டேன்.